பழைய ஸ்பிரிங் கார்பைன்ல ரெட் டாட் நிக்கவே மாட்டேங்குது, எந்த மவுன்ட் வாங்கறது?

பர்கூர்_மாந்தோப்பு

வணக்கம்ங்க. மாமனார் வீட்டுல இருந்து வந்த பழைய ஏர் கார்பைன் ஒண்ணு இருக்குது. டயானா 27-ஐப் பார்த்து நம்ம நாட்டுலயே செஞ்ச ரகம், பேரலை மடக்கி பெல்லட் போடறது. கம்பெனி முத்திரை தேய்ஞ்சு போச்சு. அம்பதைத் தாண்டின கண்ணுக்குப் பின் சைட், முன் சைட், குறி அட்டை மூணும் சேர்ந்து தெரிய மாட்டேங்குது. ஒண்ணு தெளிஞ்சா மத்த ரெண்டும் மங்குது. அதனால ஆன்லைன்ல ஒரு ரெட் டாட் வாங்கினேன், கண்ணாடியில தெரியற சிவப்பு வெளிச்சப் புள்ளியை வெச்சுக் குறி பார்க்கற சைட். ஒத்தைக் கண்ணாடி நிக்கற திறந்த மாடல். அதோட அடி கிளாம்ப் 21 மி.மீ. பிக்காட்டினி. துப்பாக்கி மேல இருக்கறது 11 மி.மீ. காடி. நடுவுல அடாப்டர் வெச்சுப் பொருத்தினேன்.

தோப்புல மண்மேட்டுக்கு முன்னாடி அட்டை கட்டி 10 மீட்டர்ல சுடறேன். சரி பண்ணின உடனே குண்டு நல்லாத்தான் விழுது. கொஞ்ச நேரத்துல இடது பக்கமா மேல ஏறிப் போயிடுது. அடாப்டர் பின்னாடி நகர்ந்திருக்கறது பென்சில் கோடு போட்டுப் பார்த்ததுல தெரிஞ்சுது. நடுநடுவுல புள்ளி அணைஞ்சு எரியுது. இதைவிட விலை கூடின டாட் வாங்கினா சரியாகுமா? படுத்து, அரிசி மூட்டை மேல அழுத்தி வெச்சுத்தான் சுடறேன், கை நடுக்கம்னு சொல்லிடாதீங்க.

காரிமங்கலம்_ராசா

எதுக்குங்ணா இவ்ளோ தொல்லை. தெரிஞ்ச பட்டறையில குடுத்து ரயிலை வெல்டிங் வெச்சு ஒட்டிடுங்க, ஆயுசுக்கும் ஆடாது. மாங்கா சீசன்ல மயில், குரங்கு விரட்டவும் ஆவும் 😀

ஸ்பிரிங்_பிரியன்_தருமபுரி

ராசா தம்பி சொன்ன ரெண்டுமே வேண்டாம். மேல இருக்கற அந்தக் குழாய்க்குள்ளதான் பிஸ்டன் ஓடுது. வெல்டிங் சூட்டுல குழாய் கொஞ்சம் கோணினாலும் துப்பாக்கி காயலாங்கடைக்குத்தான். துளை போட்டு ஸ்க்ரூ இறக்கறதும் அதே கதை, பிஸ்டன் சீல் கிழிஞ்சிடும். மயில் பேச்சை இங்க எடுக்கவே எடுக்காதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல அது முதல் அட்டவணை. காகித அட்டையோட நிப்போம்.

இப்போ கேள்விக்கு வர்றேன் சார். காசு கூட்டிப் போட்டு வேற டாட் வாங்கினாலும் இதே கூத்துதான் நடக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி ரெண்டு தடவை உதைக்கும். பிஸ்டன் முன்னாடி பாயறப்போ துப்பாக்கி பின்னாடி வரும். பிஸ்டன் முனையில காத்து மேல முட்டி நிக்கறப்போ துப்பாக்கி சடார்னு முன்னாடி போகும். அந்த ரெண்டாவது உதைதான் முரடு. துப்பாக்கி முன்னாடி போக, மேல இருக்கற சைட் இருந்த இடத்துலயே நிக்கப் பாக்கும். அதனாலதான் உங்க அடாப்டர் பின்னாடி ஊருது. தோட்டா போடற ரைபிளுக்குத் தாங்கற டாட் எத்தனையோ இந்த முன்னுதையில செத்துப் போயிருக்குது. வாங்கறப்போ ஸ்பிரிங் ஏர் கன்னுக்குத் தாங்கும்னு எழுதியிருக்கான்னு பாருங்க, பெரிய காலிபர் பேரைப் போட்டிருந்தா மயங்காதீங்க.

ரெண்டாவது, பலரும் கவனிக்காத விஷயம். உங்க பழைய பின் சைட்டும் முன் சைட்டும் பேரலோட சேர்ந்தே இருக்குது. பேரல் கீல்ல லேசா ஆடினாலும் ரெண்டு சைட்டும் கூடவே ஆடும், குறி பெருசா மாறாது. டாட்டோ பின்னாடி குழாய் மேல உட்கார்ந்திருக்குது. கீல் ஆட்டம் இனி அப்படியே அட்டையில தெரியும். டாட் போட்ட பிறகு துப்பாக்கி கெட்டுப்போச்சுன்னு புலம்பறவங்கள்ல பாதிப் பேருக்கு இதுதான் வியாதி.

துப்பாக்கி காலியா, ஸ்பிரிங் இழுக்காம இருக்கணும். பேரலை மூடி, துப்பாக்கியோட மரக்கட்டையை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு பேரல் நுனியை இடம் வலமா அசைச்சுப் பாருங்க. கீல்ல கிளுக்னு ஒரு ஆட்டம் விரலுக்குத் தெரிஞ்சா பிவட் போல்ட்டை, அதான் கீல் போல்ட்டை, இறுக்கணும். பக்கத்துல சின்னதா பூட்டு ஸ்க்ரூ இருந்தா அதை முதல்ல கழட்டணும். அப்படியே கட்டையோட முன் ஸ்க்ரூ ரெண்டையும் பாருங்க. ஸ்பிரிங் துப்பாக்கியில அது தானாவே லூசாகும். சின்ன வேலைதான், ஆனா முதல்ல செய்ய வேண்டியது.

மவுன்ட் ஆடுதான்னு பார்க்க பெல்லட் இல்லாம மட்டும் சுடாதீங்க. காத்துத் தடுப்பு இல்லாம பிஸ்டன் போய் இரும்புல மோதும்.

அரிசி மூட்டையும் ஒரு காரணம்தான். ஸ்பிரிங் துப்பாக்கியை அழுத்தினா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி துள்ளும். மூட்டை மேல உங்க இடது உள்ளங்கையை வைங்க, அதுமேல துப்பாக்கி சும்மா உட்காரட்டும். தோள்ல இறுக்க வேண்டாம்.

ஓசூர்_லேத்

காடியை வெர்னியர் வெச்சு அளந்தீங்களா? 11 மி.மீ.ங்கறது பேருக்குத்தான். நம்ம ஊர் காப்பி துப்பாக்கியில ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் வித்தியாசம் இருக்கும். அகலமான இடத்துல இறுக்கின கிளாம்ப் குறுகின பக்கம் ஊர்ந்தா லூசுதான். அடாப்டர் வேற போட்டிருக்கீங்க. காடிக்கும் அடாப்டருக்கும் ஒரு பிடி, அடாப்டருக்கும் டாட்டுக்கும் இன்னொரு பிடி. நழுவ ரெண்டு இடம், உயரமும் கூடுது.

பர்கூர்_மாந்தோப்பு

அளந்தேன். முன்பக்கம் 11.6, பின்பக்கம் 11.2! பேரல்லயும் ஆட்டம் இருக்குதுங்க, தருமபுரி அண்ணன் சொன்ன அந்த கிளுக் கேட்டுச்சு. கட்டை ஸ்க்ரூ ஒண்ணு முக்கால் சுத்து உள்ள போச்சு.

அப்போ என்ன மாதிரி டாட் வாங்கட்டும்? இன்னொண்ணு, புள்ளி எனக்கு வட்டமா தெரியல, வால் நட்சத்திரம் மாதிரி இழுத்துக்கிட்டுத் தெரியுது. அதுவும் டாட் கோளாறா?

கண்ணாடிக்கடை_கிருஷ்ணகிரி

புள்ளி விஷயத்துக்கு மட்டும் சொல்றேன். போன் கேமராவை டாட்டுக்குப் பின்னாடி வெச்சு ஒரு படம் எடுங்க. படத்துல வட்டமா இருந்தா டாட் நல்லாத்தான் இருக்குது, உங்க கண்ணுல சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாட்டிசம்) இருக்குது. தலையைச் சாய்ச்சா வாலும் கூடவே சாயும், பாருங்க. தூரப் பார்வைக் கண்ணாடி போட்டுக்கிட்டுச் சுடுங்க, படிக்கற கண்ணாடி வேண்டாம். வெளிச்சத்தையும் குறைச்சு வைங்க. மத்தியான வெயிலுக்குக் கூட்டி வெச்சதை சாயங்காலமும் அப்படியே விட்டா யாருக்குமே புள்ளி பூவா விரியும்.

ஸ்பிரிங்_பிரியன்_தருமபுரி

டியூப் மாடல் வாங்குங்க சார், 25 அல்லது 30 மி.மீ. குழாய். நேரா 11 மி.மீ. காடியிலயே பிடிக்கற, நீளமான ஒரே துண்டு மவுன்ட், பக்கத்துக்கு ரெண்டு ஸ்க்ரூவாவது இருக்கணும். அடாப்டரைத் தூக்கிப் போடுங்க. புள்ளி 2 இல்ல 3 எம்ஓஏ போதும். எம்ஓஏங்கறது கோண அளவு, தூரம் கூடக் கூட அது மறைக்கற அகலமும் கூடும். ஒரு எம்ஓஏ 100 மீட்டர்ல 2.9 செ.மீ., உங்க 10 மீட்டர்ல 2.9 மி.மீ. 3 எம்ஓஏ புள்ளி 9 மி.மீ. மறைக்கும். சைட்டைச் சரி பண்ற திருகோட ஒரு கிளிக் ஒரு எம்ஓஏன்னா 3 செ.மீ. நகர்த்த ஏறக்குறைய 10 கிளிக். பெட்டியில எழுதியிருக்கற கிளிக் அளவை மட்டும் நம்பாதீங்க, சுட்டுப் பாருங்க.

பேரல்லாக்ஸ், அதாவது கண்ணு ஒதுங்கினா குறி தள்ளறது, கிடையாதுன்னு விளம்பரத்துல போடுவாங்க. பல டாட் 40, 50 மீட்டருக்கு சரி பண்ணி வருது. 10 மீட்டர்ல கண்ணு நடுவுல இருந்து ஒரு செ.மீ. ஒதுங்கினா குறி முக்கால் செ.மீ. போல தள்ளும். கன்னம் கட்டையில ஒரே இடத்துல படணும், புள்ளி கண்ணாடி நடுவுல இருக்கணும்.

பொருத்தறப்போ காடியை தின்னர் தொட்ட துணியால துடைச்சு எண்ணெயை எடுங்க. லாக்டைட் நீலம் ஒரு சொட்டு ஸ்க்ரூ மரையில விடலாம், காடியில வேண்டாம். சிவப்பு போட்டா அப்புறம் சூடு காட்டித்தான் கழட்டணும்.

ஓசூர்_லேத்

பின்னாடி ஸ்டாப்பர் இல்லாம எந்த மவுன்ட்டும் நிக்காது. காடி பின்பக்கம் குறுகுது, அதனால ரெடிமேட் சரிவராம போகலாம். உங்க அளவுக்கு இரும்புல சின்னத் துண்டு கடைஞ்சு பக்கவாட்டு ஸ்க்ரூ வெச்சா போதும், எந்த லேத்துலயும் செய்வாங்க. மவுன்ட் வால் அதுமேல ஒட்டி நிக்கணும், இடைவெளி விட்டா சுத்தியல் மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கும்.

குண்டு கீழ விழுது, கிளிக் தீர்ந்துபோச்சுன்னா மவுன்ட்டோட பின்பக்கத்துக்கு அடியில கூல்டிரிங்ஸ் டின் தகடு வெட்டி வைங்க. 0.1 மி.மீ. இருக்கும். மவுன்ட் 10 செ.மீ. நீளம்னா 10 மீட்டர்ல ஒரு செ.மீ. தூக்கும்.

பாலக்கோடு_வக்கீல்

நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். உங்க துப்பாக்கி துளை .177 அங்குலம்தானா? 2016 ஆயுத விதிகள்ல லைசென்ஸ் வேண்டாம்னு விட்டது 4.5 மி.மீ. துளையும் 20 ஜூல் ஆற்றலும் தாண்டாத ஏர் துப்பாக்கியைத்தான். பழைய கார்பைன்ல .22-ம் உண்டு. முத்திரை தேய்ஞ்சதுன்னா பெல்லட் போட்டுப் பார்த்து உறுதி பண்ணிக்குங்க.

பர்கூர்_மாந்தோப்பு

.177-தான் வக்கீல் சார், 4.5 மி.மீ. பெல்லட்தான் கச்சிதமா உட்காருது.

பிவட் இறுக்கியாச்சு, ஸ்டாப்பர் பர்கூர்லயே கடைஞ்சு வாங்கியாச்சு. டியூப் டாட் ஆர்டர்ல இருக்குது. அதுவரைக்கும் பழைய டாட்டையே ஸ்டாப்பரோட வெச்சுப் பார்த்தேன். பென்சில் கோடு நகரல. இடது பக்கம் ஓடறதும் நின்னுபோச்சு. மேல கீழ மட்டும் இன்னும் ஒரு விரல் அகலத்துக்குச் சிதறுது. புள்ளி அணையறதும் போகல.

ஸ்பிரிங்_பிரியன்_தருமபுரி

மேல கீழன்னா பேரல் மூடற இடத்துல இருக்கற தோல் வாஷரைப் பாருங்க. மூட்டு மேல மெல்லிசு டிஷ்யூ பேப்பர் துண்டு வெச்சுச் சுடுங்க. பேப்பர் பறந்தா காத்து கசியுது, வாஷர் மாத்தணும். புதுசு ரொம்பத் தடியா போட்டாலும் பேரல் முழுசா மூடாது, அப்பவும் இதே சிதறல்தான். அணையறது பேட்டரித் தகடு. சிஆர் 2032 செல்லை எடுத்துட்டு அந்தத் தகட்டை நகத்தால லேசா மேல தூக்கி விடுங்க.

பர்கூர்_மாந்தோப்பு

பேப்பர் பறந்துச்சுங்ணா. வாஷர் எங்க கிடைக்கும், செருப்புத் தைக்கறவர்கிட்ட தோல் வாங்கி வெட்டிக்கலாமா? அப்புறம் பொண்ணு ஒன்பதாவது படிக்கறா, போட்டிக்குப் போகணும்ங்கறா. இதுலயே பழக்கலாமா?

ஸ்பிரிங்_பிரியன்_தருமபுரி

தாராளமா வெட்டலாம். பழைய வாஷர் கனத்தைவிட ஒரு நூல் கூட வெச்சு, எண்ணெயில ஊற வெச்சு, மூடித் திறந்து படிய விடுங்க. பொண்ணுக்கு டாட் வேண்டாம். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில டாட்டும் டெலஸ்கோப்பும் அனுமதி இல்ல, துளை வழியா பார்க்கற பீப் சைட்தான். ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடறதும் அதுலதான். மூச்சு, டிரிக்கர் பழக இந்தக் கார்பைன் போதும், போட்டிக்குன்னா ஸ்பிரிங் இல்லாத காத்து சிலிண்டர் துப்பாக்கி இருக்கற கிளப்பா பார்த்துச் சேர்த்து விடுங்க.