கொலராடோவில் முதல் குளிர்காலம்: ஸ்பிரிங்க்லர் குழாய்களைக் காலி செய்வது எப்படி?

கேள்வி (அரோராவிலிருந்து)

வணக்கம். டாலஸில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, சென்ற ஜூன் மாதம் அரோராவில் வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். வீட்டைச் சுற்றியுள்ள புல்வெளிக்கு ஆறு ஸோன்கள் (தனித்தனியே இயங்கும் பகுதிகள்) கொண்ட ஸ்பிரிங்க்லர் இருக்கிறது. டாலஸில் கடுங்குளிர் வருகிறது என்று அறிவித்தால், சுவரோரம் நிற்கும் பித்தளை பேக்ஃப்ளோ கருவியை (தோட்டத்துத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பாமல் தடுப்பது) பழைய கம்பளியால் சுற்றி வைப்போம்; மண்ணுக்குள் இருக்கும் குழாய்களைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. 2021 பிப்ரவரி 16 அன்று அங்கே மைனஸ் 2 ஃபாரன்ஹீட் வரை இறங்கியபோதும், எங்கள் வீட்டில் உடைந்தது அந்தக் கருவி மட்டும்தான். இங்கே பக்கத்து வீட்டுக்காரரோ, காற்றடித்துக் குழாய்களைக் காலி செய்யாவிட்டால் வசந்தத்தில் புல்வெளியைத் தோண்ட வேண்டியிருக்கும் என்கிறார். டயருக்குக் காற்றடிக்க வைத்திருக்கும் 6 கேலன் கம்ப்ரசர் என்னிடம் உண்டு. அதைக் கொண்டு நானே செய்யலாமா? எப்போது செய்ய வேண்டும்?

பதில் (ஹைலேண்ட்ஸ் ராஞ்சிலிருந்து)

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரி. டென்வர் வட்டாரத்தில் உறைபனி மண்ணுக்குள் 3 அடி ஆழம் வரை இறங்கக்கூடும் என்று கணக்கிட்டுத்தான் வீடுகளுக்கு அடித்தளம் போடுகிறார்கள். ஸ்பிரிங்க்லர் குழாயோ பெரும்பாலும் ஓர் அடி ஆழத்துக்குள்தான் கிடக்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. அந்த விரிவுக்கு இடம் கொடுக்காத பிவிசி குழாய் நீளவாக்கில் பிளந்துவிடும். கறுப்பு பாலிஎத்திலீன் குழாய் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் என்றாலும், இணைப்புகள் தாங்குவதில்லை.

வேலையின் வரிசையைச் சொல்கிறேன். முதலில், பேஸ்மென்ட்டில் ஸ்பிரிங்க்லருக்கென்று தனியாக இருக்கும் வால்வை மூடி, அதன் பக்கத்தில் உள்ள சிறு வடிமூடியைத் திறந்து, கீழே ஒரு வாளியை வையுங்கள். அடுத்து, பேக்ஃப்ளோ கருவியைத் தாண்டி, குழாய் தோட்டத்துக்குள் இறங்கும் பக்கத்தில் உள்ள இணைப்பு வாயில் கம்ப்ரசரைப் பொருத்த வேண்டும். கருவியின் வழியாகக் காற்றைச் செலுத்தக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களும் பிளாஸ்டிக் பாகங்களும் கெட்டுவிடும். காற்றைத் திறப்பதற்கு முன்பே கன்ட்ரோலரில் ஏதாவது ஒரு ஸோனை இயக்கி வையுங்கள். காற்று வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறவே கூடாது. கம்ப்ரசரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள ஸோனில் தொடங்குவது நல்லது. பாலிஎத்திலீன் குழாய் என்றால் 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு), பிவிசி என்றால் 80 பிஎஸ்ஐ, இவற்றைத் தாண்ட வேண்டாம். எந்தக் குழாய் என்று தெரியாவிட்டால் 50-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர் பீறிடும், பிறகு தண்ணீரும் காற்றும் கலந்து சீறும், கடைசியில் மெல்லிய புகை போன்ற ஈரம் மட்டும் வரும். அந்தக் கட்டத்தில் அடுத்த ஸோனுக்கு மாறிவிடுங்கள். ஈரம் நின்ற பின்பும் காற்றை விட்டுக்கொண்டே இருந்தால், தண்ணீர் தெளிக்கும் சுழலும் தலைகளின் பல்சக்கரங்கள் உராய்ந்து சூடேறிப் பழுதாகும். ஒரே மூச்சில் நீண்ட நேரம் அடிப்பதைவிட, இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் இரண்டு சுற்றுகள் அடிப்பது பலன் தரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். காற்று ஓடும்போது தலைகளின் மேல் யாரும் குனியக் கூடாது. குழந்தைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் (ஃபோர்ட் காலின்ஸிலிருந்து)

கம்ப்ரசரைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதே அளவுக் கம்ப்ரசரால் நான் ஏமாந்திருக்கிறேன். அதன் மீட்டர் 150 பிஎஸ்ஐ காட்டுவதைப் பார்த்து, தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது என்று எண்ணிவிட்டேன். இந்த வேலைக்குத் தேவை அழுத்தத்தைவிடக் காற்றின் அளவுதான். அவ்வகைக் கம்ப்ரசர் நிமிடத்துக்கு 3 கன அடிக்கும் குறைவாகவே காற்றுத் தரும். ஒரு ஸோனில் இருக்கும் தண்ணீரை முழுதாகத் தள்ளிக்கொண்டு போக, குழாயின் பருமனைப் பொறுத்து நிமிடத்துக்கு 20 முதல் 50 கன அடி வரை வேண்டும். குறைந்த காற்று, குழாயில் கிடக்கும் தண்ணீரின் மேலாகவே வழுக்கிச் சென்றுவிடுகிறது. தலைகளில் வெறும் காற்று வருவதைப் பார்த்து, குழாய் காய்ந்துவிட்டது என்று நானும் நம்பினேன். தாழ்வான இடங்களில் தண்ணீர் அப்படியே நின்றிருக்கிறது. மே மாதம் திறந்தபோது, வேலியோரப் புல் சதுப்பாகிக் கால் புதைந்தது. தோண்டிப் பார்த்தால், குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. பெரிய கம்ப்ரசரை வாடகைக்கு எடுங்கள், அல்லது ஆளை அழைத்துச் செய்யுங்கள். செப்டம்பர் கடைசியிலேயே சொல்லி வைக்காவிட்டால் ஆள் கிடைப்பது கடினம்.

ஆளை அழைத்தாலும் முடியும்வரை கூடவே நில்லுங்கள். சென்ற ஆண்டு வந்தவர் பேக்ஃப்ளோ கருவியின் இரண்டு கைப்பிடிகளையும் முழுதாக மூடிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கைப்பிடிகள் திருப்பும் உருண்டை வால்வு மூடியிருக்கும்போது, உருண்டையின் துளைக்குள்ளும் அதைச் சுற்றியும் கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது; உள்ளங்கையில் அடங்கும் அந்தத் தண்ணீர் உறைந்து பித்தளை உடலையே கீறிவிட்டது. வடித்து முடித்ததும், கைப்பிடிகளையும் பக்கத்தில் உள்ள இரண்டு சிறு சோதனைத் திருகுகளையும் 45 பாகைக் கோணத்தில், பாதி திறந்த நிலையில் விட்டுவிட வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. வாடகைக் கம்ப்ரசர் அக்டோபர் மூன்றாவது வாரத்தில்தான் கிடைக்குமாம். அதற்குள் உறைபனி வந்துவிட்டால் என்ன செய்வது?

பதில் (ஹைலேண்ட்ஸ் ராஞ்சிலிருந்து)

டென்வரில் முதல் உறைபனி பெரும்பாலும் அக்டோபர் முற்பகுதியிலேயே எட்டிப் பார்த்துவிடும். ஆனால் ஓரிரவுப் பனியில் மண் உறைவதில்லை. கோடை வெப்பம் இன்னும் அதற்குள் இருக்கும். ஆபத்து, தரைக்கு மேலே காற்றில் நிற்கும் கருவிக்குத்தான். ஆகவே பேஸ்மென்ட் வால்வை இப்போதே மூடி, அந்தக் கருவியை மட்டும் வடித்து, உறை போட்டுவிடுங்கள். தரைக்கு மேல் தெரியும் செம்புக் குழாயையும் மூடுங்கள். கருவியின் அடியில் இருக்கும் காற்றுத் துளையை மட்டும் நாடாவால் அடைத்துவிட வேண்டாம். வெளிச்சுவர்க் குழாயில் ஹோஸ் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். உறையாத வகைக் குழாயாக இருந்தாலும், ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடியாமல் சுவருக்குள்ளேயே நின்று வெடிக்கும்.

பதில் (அரோராவிலிருந்து, வேறொருவர்)

கழற்றிய ஹோஸைக் கராஜில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், சகோதரரே. டெக்சஸிலிருந்து வருபவர்களுக்கு இது தெரிவதில்லை: கொலராடோவின் குளிர்காலம் மிகவும் வறண்டது. பனியில்லாத வாரங்கள் தொடர்ந்தால், புதிதாக நட்ட மரங்களின் வேர் காய்ந்துவிடும். ஸ்பிரிங்க்லரை மூடிய பிறகும், வெப்பநிலை 40 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாளில், நண்பகலில், மாதம் ஒன்றிரண்டு முறை மரத்தடிக்கு நிதானமாகத் தண்ணீர் விட்டு, முடிந்ததும் ஹோஸை மறக்காமல் கழற்றிவிடுங்கள். எங்கள் வாசலில் நட்ட இளம் மேப்பிள் மரத்தை, இப்படித் தண்ணீர் விடாமல், முதல் ஆண்டிலேயே இழந்தோம். குழாய் உடைந்தால் மாற்றலாம் என்றிருந்தோம்; ஏப்ரலில் அந்த மரத்தின் கிளையை ஒடித்துப் பார்த்தபோது உள்ளே பச்சையே இல்லை.