காஸ்வேக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்: மலேசியா, சிங்கப்பூர் அரசியல் ஏன் இவ்ளோ வேற மாதிரி?

உறையூர்_குமரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு சொந்த ஊரு திருச்சி, இப்போ சிங்கப்பூர்ல வேலை. கூட வேலை பாக்குறவங்கள்ல நிறைய பேரு மலேசியாவோட ஜொகூர்ல இருந்து விடிய முன்னாடியே கிளம்பி காஸ்வே (கடல் மேல ரெண்டு நாட்டையும் இணைக்குற பாதை) தாண்டி வர்றவங்க. லஞ்ச்ல உக்காந்தா அவங்க அரசியல் பேச ஆரம்பிச்சுருவாங்க, எந்தக் கட்சி எவன் கூட சேரப்போகுது, எந்த எம்பி யாரைப் பார்த்துட்டு வந்தான்னு எல்லாம் விரல் நுனில வச்சிருக்காங்க. சிங்கப்பூர் நண்பர்கள் வீட்டு விலை, ஜிஎஸ்டி, பஸ் கட்டணம்னு பேசுவாங்க, ஆனா அடுத்த தலைவர் யாருன்னு அவங்க வாக்குவாதம் பண்ணி நான் பார்த்ததே இல்ல.

1963ல இருந்து 1965 ஆகஸ்ட் 9 வரைக்கும் ரெண்டும் ஒரே நாடு. வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன அதே மாதிரி பார்லிமென்ட்தான் ரெண்டு பக்கமும். ஆனா சிங்கப்பூர்ல 1959ல இருந்து இன்னிக்கு வரைக்கும் மொத்தம் நாலே பிரதமர், மலேசியால 2018 மே மாசத்துல இருந்து 2022 நவம்பருக்குள்ள மட்டும் நாலு பேரு பதவி ஏத்திருக்காங்க. இது தலைவருங்க குணமா, மக்களோட குணமா, இல்ல அமைப்புலயே வேற ஏதாவது இருக்கா? "அங்க ஊழல், இங்க ஒழுங்கு"ன்னு ஒரே வரில முடிச்சிடாம கொஞ்சம் விவரமா சொன்னா நல்லா இருக்கும்.

ஈப்போ_செல்வம்:

தம்பி, நல்ல கேள்வி. குணத்துல ஒண்ணும் இல்ல, ஆளை எந்த இடத்துல வச்சு முடிவு பண்றாங்கன்றதுல இருக்கு விஷயம்.

2020 பிப்ரவரில என்ன நடந்துச்சுன்னு யோசிச்சு பாரு. எம்பிங்க ஷெரட்டன் ஹோட்டல்ல கூடுனாங்க, ஆளுங்கூட்டணி உடைஞ்சது, பிரதமர் மகாதீர் ராஜினாமா. அதுக்கப்புறம் மாமன்னர் எம்பிங்கள அரண்மனைக்கு கூப்பிட்டு ஒவ்வொருத்தரா உக்கார வச்சு உனக்கு யாரு வேணும்னு கேட்டாரு. வெளிய டிவி காரங்க வேனை நிறுத்திகிட்டு காத்துக்கிடந்தாங்க, வீட்ல நாங்க எல்லாம் கணக்கு போட்டுகிட்டே இருந்தோம், இவனுக்கு எத்தனை அவனுக்கு எத்தனைன்னு. கடைசில முகிதீன் வந்தாரு, ஒன்றரை வருசத்துல போனாரு, இஸ்மாயில் சப்ரி வந்தாரு. 2022 நவம்பர் 19 தேர்தல்ல 222 சீட்டுல அன்வாரோட நம்பிக்கைக் கூட்டணிக்கு 82தான், பெரும்பான்மைக்கு வேண்டிய 112 யாருக்கும் வரல, திரும்பவும் அரண்மனைதான், அஞ்சு நாள் கழிச்சு அன்வார் பிரதமர் ஆனாரு. 1998ல துணைப்பிரதமர் பதவில இருந்து தூக்கி ஜெயில்ல போட்ட மனுசன், ரெண்டு தடவை உள்ள போயிட்டு வந்து 75 வயசுல பிரதமர். இந்தக் கதையெல்லாம் நாங்க கண்ணால பார்த்தோம்லா, அப்புறம் எப்படி பேசாம இருக்க முடியும்.

முன்னாடி இப்படி இல்ல. 1957ல இருந்து 2018 வரைக்கும் ஒரே கூட்டணி ஆட்சிதான், அம்னோ தலைவர்தான் பிரதமர், அம்னோக்குள்ள என்ன நடக்குதோ அதுதான் நாட்டுக்கும். இனத்துக்கு ஒரு கட்சி, மலாய்க்காரங்களுக்கு அம்னோ, சீனங்களுக்கு மசீச, நமக்கு மஇகா, எல்லாரும் கதவை மூடிட்டு பேசி பங்கு பிரிச்சுக்குவாங்க. 1969 மே 13 இனக்கலவரத்துக்கு அப்புறம் அந்த ஏற்பாடு இன்னும் இறுகிப்போச்சு, 1971ல மலாய்க்காரங்கள பொருளாதாரத்துல தூக்கி விடுற புதிய பொருளாதாரக் கொள்கை வந்துச்சு. தோட்டத்துல இருந்து வெளிய தள்ளப்பட்ட நம்ம ஜனங்களுக்கு அந்த மூடுன கதவுக்குள்ள என்ன கிடைச்சதுன்னு யாரும் வந்து சொல்லல. கோயில்கள இடிக்க இடிக்க கோவம் ஏறி 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் (இந்தியர் உரிமைக்கான அமைப்பு) பேரணிக்கு கோலாலம்பூர்ல ஆயிரக்கணக்கா கூடிட்டாங்க, கண்ணீர்ப்புகை, தண்ணி பீரங்கி எல்லாம் அடிச்சும் கலைஞ்சு போகல. அடுத்த மார்ச்ல தேர்தல். மஇகா தலைவர் சாமிவேலு 1974ல இருந்து வச்சிருந்த சுங்கை சிப்புட்லயே தோத்தாரு, ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணிக்கு மூணுல ரெண்டு பங்கு பெரும்பான்மை போச்சு. நீ பார்க்குற இந்த வாக்குவாதம் எல்லாம் அங்கதான் ஆரம்பிச்சதுன்றது என் எண்ணம், 2018ல ஆட்சி மாறுனது அதோட தொடர்ச்சிதான்.

தோபாயோ_மீனா:

செல்வம் அண்ணன் சொன்ன அந்த அரண்மனை விஷயத்துக்கு நேர் எதிரா எங்க ஊர்ல நடந்தத சொல்றேன். துணைப்பிரதமர் ஹெங் சுவீ கியட்தான் அடுத்த பிரதமர்னு எல்லாரும் நினைச்சிருந்தோம், 2021 ஏப்ரல்ல அவரே விலகிட்டாரு. அப்புறம் முன்னாள் அமைச்சர் கோ பூன் வான் அமைச்சருங்க உள்பட 19 பேரை தனித்தனியா பார்த்து கேட்டாரு, 15 பேரு லாரன்ஸ் வோங்னு சொன்னாங்க, 2022 ஏப்ரல்ல அறிவிச்சாங்க, 2024 மே 15 பதவி ஏற்பு. 222 பேரை மன்னர் கேக்குறதுக்கும் 19 பேரை ஒருத்தர் போய் கேக்குறதுக்கும் உள்ள தூரம்தான் குமரன், நீங்க லஞ்ச் டேபிள்ல பார்க்குறது. எங்களுக்கு அதுல பேச என்ன இருக்கு, முடிவாகிதான் வெளிய வருது.

இதனால நல்லது இல்லன்னு நான் சொல்லமாட்டேன். ஆள் மாறினாலும் வீவக (அரசாங்க வீட்டு வாரியம்) திட்டம் மாறாது, எம்ஆர்டி ரயில் பாதை நிக்காது, என் அம்மா அப்பாவுக்கு அதுதான் பெருசு. ஆனா எதிர்க்கட்சிக்கு ஓட்டு போடுற நிறைய பேருக்கு ஆட்சிய மாத்தணும்ன்ற ஆசையே கிடையாது, கேள்வி கேக்க பார்லிமென்ட்டுக்குள்ள ஆள் வேணும், அவ்ளோதான். 2011ல எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி அல்ஜுனிட் குழுத்தொகுதிய புடிச்சப்ப வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோவே தோத்தாரு, 2020ல செங்காங்கும் போச்சு. அந்த பயம் வந்ததுக்கு அப்புறம்தான் ஆளுங்கட்சியான மசெக (மக்கள் செயல் கட்சி) இறங்கி வந்து பேசுறாங்கன்னு நான் நம்புறேன். 2011 முடிஞ்ச கையோட அமைச்சர் சம்பளத்தை மறுபரிசீலனை பண்ணி 2012ல பிரதமர் சம்பளத்தை வருஷத்துக்கு 22 லட்சம் வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலர்) குறைச்சாங்க, அது ஓட்டோட வேலை.

ஆனா விளையாட்டு மைதானம் சமமா இல்லைன்றதையும் சொல்லியே ஆகணும். குழுத்தொகுதின்னா நாலஞ்சு பேரை ஒண்ணா நிறுத்தணும், அதுல ஒருத்தராவது சிறுபான்மை இனமா இருக்கணும், 1988ல வந்தது. நம்ம ஆளுங்க பார்லிமென்ட்ல இருக்க இது உதவுதுன்றது நிஜம், ஆனா சின்னக் கட்சிக்கு அஞ்சு நல்ல ஆளை தேடி நிறுத்துறது எவ்ளோ கஷ்டம்! 2025ல தொகுதி எல்லை அறிக்கை மார்ச் 11 வந்துச்சு, ஓட்டு மே 3, ரெண்டு மாசம்கூட இல்ல. மரின் பரேட் பிரேடல் ஹைட்ஸ்ல போட்டியே இல்லாம அஞ்சு சீட்டு போச்சு, அங்க இருக்குறவங்க ஓட்டே போடல. மொத்தத்துல மசெக 65.57 சதவீதம், 97ல 87 இடம். மூணுல ஒருத்தர் வேற கட்சிக்கு போட்டும் அவங்களுக்கு பத்து சீட்டுதான்.

ஊழல் பத்தி ஒண்ணு. ஈஸ்வரன் வழக்குல முன்னாள் போக்குவரத்து அமைச்சருக்கு 2024 அக்டோபர்ல 12 மாச சிறை. நாலு லட்சம் வெள்ளிக்கு மேல பரிசுப்பொருள், அதுல எஃப்1 டிக்கெட்டும் உண்டு. ரெண்டு நாட்டுலயும் பெரிய ஆளுங்க உள்ள போறாங்க, அதனால "அங்க ஊழல் இங்க ஒழுங்கு"ன்னு வகுப்பெடுக்குறவங்கள எனக்கு புடிக்கிறது இல்ல.

ஜேபி_ரவி:

மீனா அக்கா அத சொன்னதுக்கு நன்றி. நஜிப் ஊழல் வழக்குல 2022 ஆகஸ்ட் 23 காஜாங் ஜெயிலுக்கு போனப்ப பிரதமர் யாரு? இஸ்மாயில் சப்ரி, நஜிப்போட அதே அம்னோ. சொந்தக் கட்சி ஆட்சில இருக்கும்போது முன்னாள் பிரதமர் உள்ள போனாரு, இதுக்கு எங்க நீதிபதிங்களுக்கு கும்புடு போடணும். அப்புறம் 2024 பிப்ரவரில மன்னிப்பு வாரியம் 12 வருசத்த ஆறா குறைச்சதா அறிவிச்சது, அது எனக்கு இன்னிக்கும் வயித்தெரிச்சல். ரெண்டையும் சேர்த்து சொன்னாதான் மலேசியா.

நான் சிங்கப்பூர்ல வேலை பார்க்குறவன், என் ஓட்டு மலேசியால கெடா பக்கம் கம்பத்துல (கிராமத்துல) இருக்கு. 2018ல சிங்கப்பூர்ல வேலை பாத்த எங்களுக்கு தபால் ஓட்டு கிடையாது, நேர்ல போயாகணும். அந்தத் தேர்தல புதன்கிழமை வச்சாங்க, லீவு கிடைக்காதுன்னு எல்லாரும் கொதிச்சு போய் அப்புறம்தான் பொது விடுமுறை விட்டாங்க. முந்தின நாள் ராத்திரி காஸ்வேல நின்ன கூட்டத்த பார்த்திருந்தா குமரனுக்கு பதில் தேவையே இருந்திருக்காது. சிங்கப்பூர்ல ஓட்டு கட்டாயம், போடலன்னா பட்டியல்ல இருந்து பேரு போயிடும், மலேசியால கட்டாயம் இல்ல, ஆனா பஸ்சுக்கு காசு இல்லாதவனுக்கு முன்பின் தெரியாதவன் காசு போட்டு அனுப்பினான் அந்த வருஷம். ஆட்சிய மாத்தலாம்னு ஒரு தடவை நிஜமாவே நடந்துட்டா அதுக்கப்புறம் ஜனங்க வாயை மூட முடியாது.

அதே சமயம் எங்க தொகுதி கணக்கும் அநியாயம்தான். பாங்கி தொகுதில மூணு லட்சம் வாக்காளருக்கு மேல, சரவாக்ல இகான்ல முப்பதாயிரம் கூட கிடையாது, ரெண்டுக்கும் ஒரே எம்பி. கிராமத்து மலாய் ஓட்டுக்கும் சபா சரவாக் ஓட்டுக்கும் கனம் ஜாஸ்தி, கோலாலம்பூரைச் சுத்தி கிள்ளான் பள்ளத்தாக்குல இருக்குறவனுக்கு கம்மி. எந்தக் கட்சி வந்தாலும் தலைவர் மொதல்ல அந்தப் பக்கம் பார்த்துதான் பேசணும், அன்வார் எதிர்க்கட்சில பேசுனதுக்கும் இப்ப பேசுறதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு எல்லாரும் குறை சொல்றாங்களே, பாதி காரணம் இந்தக் கணக்குதான்.

ஒரு விஷயத்துல ரெண்டு அரசாங்கமும் ஒண்ணு. எதிர்க்கட்சி எம்பிக்கு காசு விஷயத்துல கை கட்டு. மலேசியால தொகுதி ஒதுக்கீடு ஆளுங்கட்சி எம்பிக்கு வர்ற மாதிரி எதிர்க்கட்சிக்கு வராது, இத திட்டி திட்டி ஆட்சிக்கு வந்தவங்களே தொடர்றாங்க. சிங்கப்பூர்ல எதிர்க்கட்சி ஜெயிச்ச இடத்துலயும் மக்கள் கழகத்தோட (அரசாங்க அமைப்பு) அடித்தள ஆலோசகர் ஆளுங்கட்சி ஆளுதான். ஜெயிச்சவருக்கு நகர மன்றம், லிஃப்ட் ரிப்பேரும் குப்பையும் அவர் தலைல. இதப்பத்தி ரெண்டு பக்கமும் நாம சேர்ந்து கத்தணும்.

உறையூர்_குமரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 19 பேரு, 222 பேரு அந்த ஒப்பீடு எனக்கு நல்லா புரிஞ்சது. இன்னொண்ணு கேக்குறேன், மலேசியால கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்துருச்சே, இனிமே அந்த மாதிரி ஆட்சி கவுறாது இல்லையா? எங்க ஊர்ல 1985லயே அந்தச் சட்டம் வந்துச்சு, ஆனாலும் எம்எல்ஏங்கள பஸ்ல ஏத்தி ரிசார்ட்டுக்கு கூட்டிட்டுப் போறது நிக்கவே இல்ல, அதான் கேக்குறேன்.

ஈப்போ_செல்வம்:

2022 அக்டோபர் 5ல இருந்து அமல்ல இருக்கு தம்பி. ஆனா ஓட்டை பெருசு. ஒரு எம்பி தானா கட்சிய விட்டு விலகினா சீட்டு போகும். கட்சியே மொத்தமா கூட்டணி மாறினா ஒண்ணும் ஆகாது. கட்சி அவனை தூக்கி எறிஞ்சாலும் சீட்டு போகாது. எதிர்க்கட்சியான பெர்சத்து எம்பிங்க ஆறு பேரு கட்சிய விட்டு விலகாமலே அன்வாருக்கு ஆதரவுன்னு சொன்னாங்க, 2024ல சபாநாயகர் சீட்டு காலி இல்லன்னுட்டாரு. 2020ல நடந்தது மாதிரி ஒரு கட்சி அப்படியே எழுந்து அடுத்த பக்கம் போனா இந்தச் சட்டம் தடுக்காது.

ஒண்ணு விட்டுப்போச்சு. ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) எங்க இருந்து வந்துச்சுன்னு உன் ஜொகூர் கூட்டாளிங்கள கேட்டுப்பாரு. 1964ல சிங்கப்பூரோட மசெக காஸ்வேக்கு இந்தப் பக்கமும் தேர்தல்ல நின்னுச்சு, ஜெயிச்சது ஒரே ஒருத்தர், பங்சார்ல தேவன் நாயர். பிரிவினைக்கு அப்புறம் அந்த மிச்ச சொச்சம்தான் 1966ல ஜசெகன்னு பதிவாச்சு, தேவன் நாயர் பின்னாடி சிங்கப்பூர் அதிபரே ஆனாரு. அங்க 1959ல இருந்து ஆட்சில இருக்குற கட்சியோட இன்னொரு கிளை இங்க அம்பது வருசத்துக்கு மேல எதிர்க்கட்சி பெஞ்சுல உக்காந்து தலைவருங்க ஜெயிலுக்கெல்லாம் போயிட்டு வந்து 2018லதான் மத்தியில அமைச்சர் பதவிய பார்த்துச்சு. அதே கொள்கை, அதே மாதிரி ஆளுங்க, இந்தப் பக்கம் ஒரு மாதிரி வளர்ந்துச்சு, அந்தப் பக்கம் வேற மாதிரி. குணமான்னு கேட்டியே, அதுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியல.