மெய்நிகர் சிங்கப்பூர்: திட்டமிடும் கருவியா, காட்சிப் பொருளா?

பொங்கோல்வாசி:
2014 டிசம்பரில் 7 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் வெள்ளிச் செலவில் அறிவிக்கப்பட்டது மெய்நிகர் சிங்கப்பூர். தீவை அப்படியே கணினியில் நகலெடுத்த ‘டிஜிட்டல் இரட்டை’ இது. விமானத்திலும் வாகனங்களிலும் லேசர் கருவிகளைப் பொருத்தித் தீவு முழுவதையும் முப்பரிமாணத்தில் அளந்தார்கள். இதைப் பணக்கார நாட்டின் பொம்மை என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். புதிய அடுக்குமாடி புளோக் எழும்புவதற்கு முன்பே அது பக்கத்து வீடுகளுக்கு வரும் காற்றை மறிக்குமா, எந்தக் கூரையில் சூரியத் தகடு பலன் தரும், சக்கர நாற்காலியில் செல்பவருக்கு எந்தப் பாதை ஒத்துவரும் என்றெல்லாம் பார்க்க முடிவது பொம்மையா?

நிழல்கணக்கு:
காற்றையும் நிழலையும் கணினியில் கணக்கிடுவது கட்டடக் கலைஞர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை. அதற்கு டிஜிட்டல் இரட்டை என்று பெயர் சூட்டினால் விலைதான் ஏறும். நிஜ நகரம் மாறும்போது நகலும் உடனுக்குடன் மாறினால்தான் இரட்டை. இல்லாவிட்டால் அது அளவெடுத்த நாளின் புகைப்படம்.

பொங்கோல்வாசி:
முன்பு ஒவ்வொரு துறையும் தனித்தனி வரைபடத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டது, நண்பரே. இப்போது நில ஆணையம் எடுத்த அதே உயர அளவுகளை வைத்து, தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் வெள்ள அபாயத்தை ஆராய்கிறது. கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தீவுக்கு இது சின்ன விஷயமா?

நிழல்கணக்கு:
சின்ன விஷயம் அல்ல. ஆனால் அதைச் சாதித்தது துறைகளுக்கு இடையிலான ஒப்பந்தம். முப்பரிமாணப் படம் அல்ல. தரைக்கு அடியில் என்ன நிலைமை என்றும் சொல்லுங்கள். குழாய்களும் கேபிள்களும் எங்கே ஓடுகின்றன என்பதற்கு நம்பகமான வரைபடம் வேண்டும் என்று தனியாக ஓர் ஆய்வை 2017-இல்தானே தொடங்கினார்கள்? சாலையைத் தோண்டுபவருக்கு வேண்டியது அதுதான். கண்ணுக்குத் தெரியும் கோபுரங்களை முதலில் வரைந்துவிட்டார்கள்!

பெசவாடாக்காரன்:
குறுக்கிடுகிறேன். சிங்கப்பூரில் நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது. மக்களில் பெரும்பாலோர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். திட்டமிடுபவரும் நிலத்துக்குச் சொந்தக்காரரும் ஒருவரே. ஆந்திராவின் புதிய தலைநகராகத் திட்டமிட்ட எங்கள் அமராவதியைப் பாருங்கள். விவசாயிகள் 30,000 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தார்கள். பிரிட்டனின் ஃபாஸ்டர் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது, சிகாகோவின் சிட்டிசெனித் நிறுவனம் டிஜிட்டல் இரட்டையை உருவாக்குவதாக அறிவித்தது. 2019-இல் ஆட்சி மாறியது, மூன்று தலைநகரங்கள் என்றார்கள், வேலை நின்றது. நிலம் கொடுத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2024-இல் ஆட்சி மீண்டும் மாறிய பிறகே வேலைகள் உயிர்பெற்றன.

பொங்கோல்வாசி:
அது அரசியலின் தோல்வி. காகித வரைபடம் மட்டும் இருந்திருந்தாலும் அதே கதிதான். தொழில்நுட்பத்தின் தலையில் ஏன் பழியைப் போடுகிறீர்கள்?

பெசவாடாக்காரன்:
பழி போடவில்லை, ஐயா. இதை விற்க வரும் நிபுணர்கள் சிங்கப்பூர்ப் படத்தைக் காட்டுகிறார்களே தவிர, அங்கே நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. எங்கள் பக்கத்து நகராட்சிகளில் மழைநீர் வடிகாலின் ஆழத்தையே யாரும் அளந்து வைக்கவில்லை. அந்தப் பணத்தில் முதலில் அளவையாளர்களை வேலைக்கு எடுக்கட்டும்.

நிழல்கணக்கு:
அப்படி அளந்ததை ஆண்டுதோறும் திருத்தவும் ஆள் வேண்டும். ஒப்பந்தப் புள்ளியில் அந்தச் செலவுக்கு ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.