இயக்குநரின் நினைவுக்குறிப்பு: நடிகைகளோடான காதலில் எதை வைக்கலாம், எதை வெட்டணும்?

மாட்டுங்காவாசி:
மும்பையில் வசிக்கும் மூத்த இயக்குநர் ஒருவர் சொல்லச் சொல்லத் தமிழில் நினைவுக்குறிப்பு தயாராகுது. பாதிப் புத்தகம் பிரபல நடிகைகளோடு இருந்த காதல். ஒருவர் காலமாகிட்டார், இருவர் பேரன் பேத்தியோடு இருக்காங்க. பேரை மாத்தினா போதுமா? அவங்க எழுதிய கடிதங்கள், படப்பிடிப்பு ஸ்டில்கள் கைவசம் இருக்கு. போடலாமா?

செம்பூர் வக்கீல்:
பேரை மாத்துறது காப்பாத்தாது. படம், ஆண்டு, ஜோடி நடிகர் மூணும் இருந்தா வாசகர் ஆளைப் பிடிச்சிடுவார். 'மூன்றெழுத்து நடிகை'ன்னு கிசுகிசு பாணியில் போட்டா இன்னும் மோசம். அந்த அடையாளம் பொருந்துற வேற ஒருத்தரும் நோட்டீஸ் விடுவார்.

நக்கீரன் பத்திரிகை தொடுத்த ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 1994 தீர்ப்பைப் படிங்க. பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். திருமணம், குடும்பம், தாய்மை பற்றி எழுதச் சம்மதம் வேணும், உண்மையானாலும். அந்த நடிகையே பேட்டியில் சொன்ன காதல்னா உங்க நிலை பலம். அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைங்க.

குற்றவியல் அவதூறு இப்போ பாரதிய நியாய சன்ஹிதாங்கிற குற்றவியல் சட்டத்தின் 356வது பிரிவு. உண்மைன்னு காட்டினா மட்டும் போதாது, பொது நன்மைக்காக வெளியிட்டதாகவும் காட்டணும். குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தா காலமானவர் விஷயத்திலும் அதே பிரிவு பாயும்.

கடிதக் காகிதம் இயக்குநருக்குச் சொந்தம், வாசகம் எழுதினவருக்கு. எழுதினவர் காலமான பிறகும் பதிப்புரிமை தொடரும். அதனால இருக்கிறவங்கன்னா அவங்ககிட்டயே, காலமானவர்னா வாரிசிடம் எழுத்தில் அனுமதி வாங்கணும். சாரத்தை மட்டும் சொன்னா பதிப்புரிமைச் சிக்கல் போகும், அந்தரங்கச் சிக்கல் போகாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன ஸ்டில்னா, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளருக்கு.

பிழைதிருத்தி:
வக்கீல் சார் சொல்லாத ஒண்ணு, தேதி. வயசானவங்க படம் வெளியான ஆண்டையே காதல் நடந்த ஆண்டாச் சொல்லிடுவாங்க. படப்பிடிப்பு அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிருக்கலாம். நடுவுல அந்தம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தா, ஒரு தேதிப் பிழை கள்ள உறவுக் குற்றச்சாட்டா மாறிடும்.

படத்தின் தொடக்கத்தில் வரும் சென்சார் சான்றிதழில் தேதி இருக்கும், படப்பிடிப்பு அதுக்கு முந்தினது. அதுக்கப்புறம் பூனா தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். இந்திப் படம்னா 1952லிருந்து வரும் ஃபிலிம்ஃபேரின் பழைய இதழ்கள். தமிழ்ப் படம்னா சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பாட்டுப் புத்தகம், சினிமா இதழ்கள். கால்ஷீட் டைரி கிடைச்சா அதிர்ஷ்டம்.

மாட்டுங்காவாசி:
ரொம்ப நன்றி. முன்பக்கத்தில் 'யாவும் கற்பனை'ன்னு போட்டுட்டா?

செம்பூர் வக்கீல்:
நினைவுக்குறிப்புன்னு அட்டையில் போட்டுட்டு உள்ளே கற்பனைன்னா யார் நம்புவா? 2017ல் இந்தி நடிகர் நவாசுதீன் சித்திக்கி, பழைய காதல் பற்றி எழுதியதைச் சம்பந்தப்பட்டவங்க மறுத்ததும், மன்னிப்புக் கேட்டுப் புத்தகத்தையே திரும்பப் பெற்றார். அதனால அச்சுக்கு முன்னாடியே சம்பந்தப்பட்ட பக்கங்களை உயிரோடு இருக்கும் அந்த இரு நடிகைகளுக்கும் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்க. பதில் வரலைன்னா அதைச் சம்மதம்னு எடுத்துக்காதீங்க.

பிழைதிருத்தி:
இயக்குநர் தன் மனசில் ஓடினதைத் தாராளமா எழுதட்டும். 'அவங்கதான் முதல்ல வந்தாங்க', 'கெஞ்சினாங்க' மாதிரி வரியெல்லாம் சாட்சி இல்லாம நிக்காது, வெட்டிடுங்க. ஒரு க்ளோசப்புக்கு எப்படி லைட் வெச்சார், எந்தக் காட்சியை அவங்களுக்காகத் திருத்தினார்னு கேட்டு வாங்குங்க. அதை இவர் ஒருத்தராலதான் சொல்ல முடியும்.