பாடம் எப்படி நடத்தினார்கள்? நம் ஆசிரியர்களைப் பற்றிய பகிர்வு

தொடங்கியவர்: பட்டதாரி ஆசிரியர், திருவண்ணாமலை

வணக்கம் நண்பர்களே. 1962இலிருந்து செப்டம்பர் 5ஐ ஆசிரியர் நாளாகக் கொண்டாடி வருகிறோம். தேசிய விருது 1958 முதலே இருக்கிறது. நம் மாநிலத்தின் நல்லாசிரியர் விருது டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரில் வழங்கப்படுகிறது. விருது வாங்கிய பலரை எனக்குத் தெரியும், எல்லோரும் தகுதியானவர்கள். என் கவலை வேறு. வாழ்நாள் முழுக்க வகுப்பறையில் நின்ற ஒருவர் அங்கே என்னதான் செய்தார் என்பது அவர் ஓய்வு பெற்றதும் அவரோடு போய்விடுகிறது. பணி நிறைவு விழா மலர் எதையாவது புரட்டிப் பாருங்கள். பெயரை மட்டும் மாற்றினால் எந்த ஊர் ஆசிரியருக்கும் பொருந்தும் வரிகளாகவே இருக்கும். பின்னத்தை எப்படிப் புரிய வைத்தார், ழகரம் வராத பையனுக்கு என்ன செய்தார், இது எதுவும் அதில் இருக்காது. அடுத்து அதே வகுப்புக்குள் நுழையும் இளம் ஆசிரியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். தெய்வம், இரண்டாம் தாய் என்றெல்லாம் எழுதாமல், உங்கள் ஆசிரியர் வகுப்பில் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். பெயர் வேண்டாம். பாடம் போதும்.


வங்கி ஊழியர், திருவாரூர் மாவட்டம்

எங்கள் கணக்கு சாரைப் பற்றி எழுதுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அவர்தான்.

நான் பத்தாவது படித்த 2014இல் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 15. கடைசியில் செய்முறை வடிவியலுக்கு 10, வரைபடத்துக்கு 10. கூட்டிப் பாருங்கள், சரியாக 35. பாஸ் மார்க். இதை வைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றாத பள்ளி அப்போது கிடையாது. எங்கள் சாரும் காலாண்டில் ஒற்றை இலக்கம் வாங்கியவர்களை மாலையில் உட்கார வைத்து முதலில் தொடுகோடு வரையத்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. வரைய வந்த மறுநாளே, "இப்ப சொல்லுங்க, தொடுகோடு ஏன் ஆரத்துக்குச் செங்குத்தா நிக்குது?" என்று ஆரம்பித்துவிட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டு, அதைத் தொடுகிற மாதிரி ஒரு கோடு இழுத்தார். வட்டத்தின் மையத்தில் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைக் கோட்டின் மேல் ஒவ்வொரு இடமாக வைத்து அளக்கச் சொன்னார். கோடு வட்டத்தைத் தொடும் இடத்தில்தான் நூல் எல்லாவற்றையும்விடக் குட்டை. மற்ற எந்தப் புள்ளிக்குப் போனாலும் வட்டத்துக்கு வெளியே போக வேண்டும், நூல் நீள வேண்டும். "ஒரு புள்ளியிலிருந்து ஒரு கோட்டுக்குக் குறுக்கு வழி எது?" என்று கேட்டார். செங்குத்து என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அரையாண்டு வரை ஒரு தேர்விலும் தேறாதவன் அவன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலகையில் நாங்கள் போடும் தப்பான விடையை சார் அழிக்கவே மாட்டார். இடது ஓரத்தில் அது அப்படியே நிற்கும். போட்டவனே வந்து எந்த வரியில் தடம் மாறியது என்று கண்டுபிடிக்கும்வரை டஸ்டரை யாரும் தொடக்கூடாது. இன்றைக்கு வங்கியில் ஒரு கணக்கு இடித்தால் நான் பேரேட்டை மேலிருந்து வரி வரியாகப் பார்ப்பது அவர் கொடுத்த பழக்கம். அவருக்கு எந்த விருதும் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.


இடைநிலை ஆசிரியை, செங்கல்பட்டு மாவட்டம்

நான் வேலைக்குச் சேர்ந்தது ஓர் ஈராசிரியர் பள்ளி. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அங்கே தலைமையாசிரியையாக இருந்த டீச்சரிடம்தான் நான் உண்மையில் தொழில் கற்றேன்.

பிள்ளைகளில் பாதிப் பேர் இருளர் குடும்பம். பொங்கல் முடிந்ததும் பெற்றோர் செங்கல் சூளைக்குக் கிளம்புவார்கள், பிள்ளைகளும் கூடவே போய்விடும். திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். பழைய முறையில் அந்தப் பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் விழிக்கும், பிறகு வராமலே நின்றுவிடும். 2007–08இல் செயல்வழிக் கற்றல் (பாட அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் முறை) மாநிலம் முழுக்க வந்தபோது பலர் சலித்துக்கொண்டார்கள். அட்டைகளை அடுக்கவே நேரம் போகிறது என்றார்கள். டீச்சர் மட்டும், "இது நம்ம சூளைப் பிள்ளைங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

காரணம் ஏணிப்படி. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறும். நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம், முழு வகுப்பையும் துரத்திப் பிடிக்கத் தேவையில்லை. டீச்சர் ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளையும் ஊரைவிட்டுப் போன நாளில் எந்த அட்டையில் இருந்தது என்று குறித்து வைப்பார். திரும்பி வந்த அன்றே அந்த அட்டையை எடுத்துக் கையில் கொடுப்பார். "எங்க போன, ஏன் வரல" என்ற கேள்வியே கிடையாது. சுவரின் அடியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருந்த தாழ்நிலைக் கரும்பலகையில் அதன் பெயரை யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்வார். மாதக்கணக்கில் இல்லாத பிள்ளை உள்ளே வந்ததும் முதலில் தன் பெயரைத்தான் தேடும். இருக்கும்.

சாதிச் சான்று விஷயத்திலும் அப்படித்தான். பழங்குடிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். தகப்பன்மார்கள் அந்த வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். டீச்சர் விடுப்பு போட்டுவிட்டு அவர்களோடு போய் உட்காருவார். ஐந்தாம் வகுப்போடு பிள்ளை நம் கையை விட்டுப் போய்விடும், பத்தாம் வகுப்புக்கு மேல் இந்தக் காகிதம் இல்லாமல் நிற்கக்கூடாது என்பார். தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அவ்வளவு தூரம் யோசிப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இன்று என் பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டம் நடக்கிறது. திட்டத்தின் பெயர் மாறினாலும் அந்த நோட்டை நான் விடவில்லை.


செவிலியர், தருமபுரி

நான் சுருக்கமாக. எட்டாம் வகுப்பில் எங்களை என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்கு உட்கார வைத்தது எங்கள் அறிவியல் டீச்சர். தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 500 ரூபாய் (இப்போது 1000). எங்கள் வீட்டில் என்னை ஒன்பதாவதுக்கு அனுப்புவதா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. மனத்திறன் கேள்விகளில் எங்களையே புதிதாகக் கேள்வி தயாரிக்கச் சொல்வார். எண் தொடரை நாமே கட்டினால்தான் அடுத்தவர் கட்டியதை அவிழ்க்கத் தெரியும் என்பார். உதவித்தொகை கிடைத்தது. வீட்டில் அந்தப் பேச்சு நின்றுபோனது.


யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோ

எங்கட விஞ்ஞான மாஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க ஏலாது. தொண்ணூறுகளின் தொடக்கம். கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடையால பற்றரியும் இல்லை. ஜாம் போத்தல் விளக்கிலதான் படிப்பு. மின்னியல் பாடத்துக்குப் பரிசோதனை செய்ய ஆய்வுகூடத்தில ஒண்டுமே கிடையாது.

மாஸ்டர் தன்ர சைக்கிளை வகுப்புக்குள்ள உருட்டிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில சனம் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோவில செய்தி கேட்கிறது. அதையே பாடமாக்கினார். சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, பெடலைக் கையால சுத்தச் சொன்னார். வேகமாச் சுத்தினால் பல்ப் கூடப் பிரகாசிக்குது, மெல்லச் சுத்தினால் மங்குது. பிறகு பல்பின்ர வயரைக் கழட்டிப்போட்டுச் சுத்தச் சொன்னார். இப்ப லேசாச் சுத்துது! திருப்பிப் பூட்டினால் கை இறுகுது. ஒவ்வொருத்தரும் ரெண்டு விதமாகவும் சுத்திப் பார்த்தம். "வெளிச்சம் எங்கயிருந்து வருது எண்டு இப்ப கைக்குத் தெரியுதோ?" எண்டு கேட்டார். மின்காந்தத் தூண்டலையும் சக்திக் காப்பையும் ஒரே பாடவேளையில விளங்கப்படுத்தி முடிச்சார். நான் பிறகு மின் பொறியியல் படிச்சன். லென்சின் விதி (உண்டாகிற மின்னோட்டம் தன்னை உண்டாக்கிற அசைவையே எதிர்க்கும்) எண்டு புத்தகத்தில வந்தபோது எனக்குப் புதுசா ஒண்டும் படிக்க இருக்கேல்லை.


நடுநிலைப் பள்ளி ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

திருவாரூர் நண்பருக்கு: உங்கள் சார் ஏழாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவை எப்படி நடத்தினார் என்று நினைவிருக்கிறதா? எனக்கு அடுத்த வாரம் அந்தப் பாடம். சூத்திரத்தைச் சொல்லிவிட்டுக் கணக்குப் போட வைக்க மனம் வரவில்லை.


வங்கி ஊழியர், திருவாரூர் மாவட்டம்

நன்றாக நினைவிருக்கிறது. அட்டையில் வட்டம் வெட்டி, பாதிக்கு மட்டும் வண்ணம் அடிக்கச் சொன்னார். பிறகு மையத்திலிருந்து 16 சம துண்டுகள். வண்ணத் துண்டுகளைக் கூர்முனை கீழே பார்க்க, வெள்ளைத் துண்டுகளை மேலே பார்க்க, மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஓரத்தில் இருக்கும் ஒரு துண்டை மட்டும் பாதியாக வெட்டி மறுமுனையில் வைத்தால் ஏறக்குறைய செவ்வகம் வந்துவிடும். மேல் விளிம்பு முழுக்க வண்ணம், கீழ் விளிம்பு முழுக்க வெள்ளை. அதனால் நீளம் சுற்றளவில் பாதி என்பது கண்ணுக்கே தெரியும், அதாவது πr. அகலம் r. பெருக்கினால் πr². வண்ணம் அடிக்க மறந்துவிடாதீர்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது. நீளம் என்ன என்று கேட்டுவிட்டு நீங்களே சொல்லிவிடவும் வேண்டாம். சார் மணி அடிக்கும்வரை காத்திருந்தார், மறுநாள்தான் எங்களுக்குப் பிடிபட்டது.