மின்னொளி கபடிக்கு நேரலை: ஆள் மூன்று பேர்தான், எப்படிச் சமாளிப்பது?

முதல்முறை நேரலை:
எங்கள் ஊர் மின்னொளி கபடியை யூடியூபில் நேரலையாகக் கொடுங்கள் என்று விழாக் கமிட்டி சொல்லிவிட்டது. துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பையன்கள் இப்போதே போன் போட்டுக் கேட்கிறார்கள். நாங்கள் மூன்று பேர், கையில் ஒரு கேமரா, ஒரு லேப்டாப், இரண்டு போன். ஆடுகளம் இரண்டு. சனி மாலை 6 மணிக்கு ஆரம்பித்தால் பைனல் முடிய மறுநாள் காலை 9 ஆகிவிடும். போன வருடம் வெறும் போனில் போட்டோம், படம் முழுக்கக் கோடுகோடாக ஓடியது, அரையிறுதியில் அதுவும் நின்றுவிட்டது. யார் எந்த வேலையைப் பார்ப்பது?

கோட்டோரம்:
இரண்டு களத்தையும் காட்ட நினைக்காதீர்கள் தம்பி, ஒன்றை மட்டும் எடுங்கள். பெரிய அணிகளை அந்தக் களத்தில் ஆடவிடும்படி கமிட்டியிடம் முன்பே பேசிவிடுங்கள். நடுக்கோட்டுக்கு நேராகச் சாரம் கட்டி, 13 மீட்டர் களமும் ஒரே பிரேமில் வரும்படி கேமராவை வைத்து அப்படியே பூட்டிவிடுங்கள். பாடிப் போகிறவனை மட்டும் ஜூம் செய்தால், பின்னால் கார்னர் பிடிக்கிறவன் கால் கோட்டைத் தாண்டியது தெரியாமல் போய்விடும், பார்க்கிறவர்கள் சண்டை போடுவதே அதற்குத்தான். கேமரா பூட்டியிருந்தால் அதற்குத் தனி ஆள் வேண்டாம். ஒருவர் லேப்டாப்பில் நேரலையை ஓட்டும் ஓபிஎஸ் மென்பொருளில் ஸ்கோர் மாற்றட்டும், ஒருவர் ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்து அணிப் பெயரும் புள்ளியும் சொல்லட்டும், மூன்றாமவர் தூங்கட்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். விடிகாலையில் ஸ்கோர் தப்பாவதெல்லாம் தூக்கமில்லாமல்தான்.

ராத்திரி ஷிப்ட்:
அண்ணன் சொன்னது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், 15 மணி நேரத்தை ஒரே நேரலையாக ஓட்டாதீர்கள். 12 மணி நேரத்தைத் தாண்டினால் யூடியூப் வீடியோவைச் சேமித்து வைக்கும் என்று நம்ப முடியாது. லீக் ஆட்டம் ஒன்று, காலிறுதியிலிருந்து வேறொன்று என்று பிரித்துவிடுங்கள். புதுச் சேனல் என்றால் நேரலை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகும், வியாழக்கிழமையே போட்டு வையுங்கள்.

படத் தரம் 720பி போதும், அனுப்பும் வேகம் 4 எம்பிபிஎஸ் வைத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 2 ஜிபி போகும். தினசரி 2 ஜிபி பேக் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேயே தீர்ந்துவிடும். நெட்டைப் பகலில் சோதித்துவிட்டு நம்பிவிடாதீர்கள், கூட்டம் சேர்ந்து எல்லோர் கையிலும் போன் இருக்கும்போது அதே டவர் திணறும். பக்கத்தில் யார் வீட்டிலாவது பைபர் இருந்தால் அங்கிருந்து கேபிள் இழுப்பதுதான் நல்லது.

மைக் செட்:
கோடு ஓடியதற்கு விளக்குதான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். அப்புறம், இடைவேளையில் மைக் செட்டில் சினிமாப் பாட்டு போட்டால் பதிப்புரிமைப் பிரச்சினையில் நேரலையே நின்றுபோகலாம். பாட்டு ஓடும்போது ஓபிஎஸ்ஸில் சத்தத்தை அணைக்க ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். ஜெனரேட்டர் மாற்றும்போது லேப்டாப் பேட்டரியில் ஓடும், மோடம் அணைந்துவிடும். அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் கண்டிப்பாக வேண்டும்.

முதல்முறை நேரலை:
ரொம்ப நன்றி அண்ணே. களத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் பைபர் இருக்கிறது, இன்றைக்கே போய்க் கேட்கிறேன். சாரம் எத்தனை அடி உயரம் கட்டலாம்?

கோட்டோரம்:
பத்தடி போதும். ஆனால் கூட்டம் சாய்ந்து நிற்காதபடி சுற்றிக் கயிறு கட்டுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பிடிக்கும் படம் ஆடும்.