கிரெப் அடித்தால் தமிழ் மெயில் மட்டும் சிக்கவில்லை

கருந்திரை:
2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். மெயில் மென்பொருளைத் திறந்தாலே விசிறி அலற ஆரம்பிப்பதால், சின்னச் சின்னக் கருவிகளை நானே கோத்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். எம்பிசிங்க் மெயிலை இறக்கி மெயில்டிர் கோப்புறையில் போடுகிறது, எழுத விம், அனுப்ப எம்எஸ்எம்டிபி. இது வரைக்கும் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. மெயில்டிரில் ஒரு மெயில் ஒரு கோப்புதானே, தேடுவதற்கு கிரெப் (கோப்புகளுக்குள் சொல் தேடும் கட்டளை) போதும் என்று நினைத்தேன். ஆங்கில மெயில்களில் சிலது தப்புகிறது, தமிழில் தேடினால் ஒன்றுகூட வருவதில்லை. கோப்பைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். அதைப் பிரிக்க ஆக்கில் (உரையைக் கையாளும் சின்ன நிரல்மொழி) 200 வரி எழுதியும் ஆயிற்று. சரியான வழியில்தான் போகிறேனா?

குழாயடி:
ஆக்கை நிறுத்துங்கள். அந்தக் குவியல் பேஸ்64, எதையும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றும் முறை. மெயில் 7 பிட் ஆஸ்கி (ஆங்கில எழுத்து மட்டும்) காலத்துச் சமாச்சாரம் என்பதால் தமிழை நேரடியாக அனுப்பாமல் இப்படி மாற்றித்தான் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். யுடிஎஃப்-8இல் (தமிழை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) 'நீ' என்பது 6 பைட், பேஸ்64 ஆனால் 8 எழுத்து. தேடும் சொல்லையே பேஸ்64 ஆக்கித் தேடலாமே என்று அடுத்து தோன்றும் (எனக்குத் தோன்றியது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று). அது 3 பைட்டாக வெட்டி மாற்றுகிறது, நடுவில் ஒரு இடைவெளி வந்தாலே வெட்டு நகர்ந்துவிடும், ஆக ஒரே சொல்லுக்கு மூன்று உருவம், போதாததற்கு 76 எழுத்துக்குள் வரியை உடைக்கவும் வேண்டும். தலைப்பு வரிக்கு வேறு முறை. ஆங்கிலம் தப்புவது கோட்டட்-பிரின்டபிள் என்ற இன்னொரு மாற்று முறையால்: வரி முடிவில் சமக்குறி போட்டுச் சொல்லையே இரண்டாக உடைக்கும்.

இறக்குவதும் அனுப்புவதும் எளிது, மைம் (மெயிலைப் பகுதிகளாக்கி இப்படி மாற்றி வைக்கும் வடிவம்) பிரிப்பதுதான் நரகம், அதை மட்டும் கையால் எழுதாதீர்கள். எம்பிளேஸ் தொகுப்பைப் பாருங்கள், எம்லிஸ்ட் கோப்புகளைப் பட்டியலிடும், எம்ஸ்கேன் ஒரு மெயிலுக்கு ஒரு வரி காட்டும், எம்ஷோ பிரித்துக் காட்டும், எல்லாம் பைப்பில் (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குத் தள்ளுவது) சேரும். 1979இல் ராண்ட் நிறுவனத்தில் உருவான எம்ஹெச் என்ற மெயில் கருவித் தொகுப்பின் வழிவந்த யோசனைதான். தேடலுக்கு நாட்மச். அது மைமைப் பிரித்து, ஸேபியன் என்ற தேடுபொறியில் அட்டவணை போட்டு வைக்கும், முடிவைக் கோப்புப் பெயர்களாகவே கேட்டு வாங்கி எம்ஸ்கேனுக்குத் தள்ளலாம். ஹெச்டிஎம்எல் மெயிலை டபிள்யூ3எம் என்ற எழுத்து உலாவியிடம் விட்டுவிடுங்கள்.

அரைத்தூக்கம்:
இதற்கு மட் என்ற முனைய மெயில் மென்பொருள் போதாதா? 1995இலிருந்து இருக்கிறது, ரேமும் பெரிதாகக் கேட்காது, அனுப்ப எம்எஸ்எம்டிபியையே காட்டிவிடலாம். நீங்கள் செய்வது மெயில் படிக்கவா, பொழுதுபோகவா?

ஒற்றைச்சாளரம்:
ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. எம்பிசிங்க் கோப்பின் பெயரிலேயே காற்புள்ளி, யு, சமக்குறி, ஒரு எண் என்று யுஐடியை (பெட்டிக்குள் அந்த மெயிலின் அடையாள எண்) ஒட்டிவைக்கும். மெயில்டிர் வெறும் கோப்புறைதானே என்று எம்வி கட்டளை போட்டு வேறு பெட்டிக்கு நகர்த்தினால், அங்கே அதே எண்ணில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் சிங்க் பாதியில் நின்றுவிடும். நகர்த்தும்போது அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிடுங்கள், கடைசியில் வரும் எஸ் போன்ற கொடி எழுத்துகளைத் தொடாதீர்கள், படித்தாயிற்று என்பது அதில்தான் இருக்கிறது. அப்புறம், எக்ஸ்பஞ்ச்சை (அழித்ததை நிரந்தரமாக நீக்கும் அமைப்பு) இரு பக்கத்துக்கும் போடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே அழித்தால் சர்வரிலும் போய்விடும்.

கருந்திரை:
நாட்மச் போட்டேன், தமிழ் கிடைக்கிறது. 'கூட்டம்' என்று தேடினால் 'கூட்டத்தில்' வரவில்லை, முதலில் குழம்பிவிட்டேன், 'கூட்ட' என்று எழுதி நட்சத்திரக் குறி வைத்தால் இரண்டும் வருகிறது. @அரைத்தூக்கம், பாதி பொழுதுபோகத்தான். அந்த 200 வரியை அழித்தாயிற்று. நெட் இல்லாதபோது எம்எஸ்எம்டிபி பிழை காட்டி நின்றுவிடுகிறது, அதனால் எழுதியதை ஒரு கோப்புறையில் போட்டுவைத்து, நெட் வந்ததும் ஒவ்வொன்றாக அனுப்ப 12 வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன், அனுப்பியது வெற்றி என்றால்தான் கோப்பை நீக்கும். இதை கிரானில் (குறித்த நேரங்களில் தானாக ஓட்டுவது) போட்டால் இரண்டு தடவை ஓடி ஒரே மெயில் இருமுறை போய்விடுமா?

குழாயடி:
முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்கினால் போகும். முன்னால் எஃப்லாக் சேருங்கள், ஒரு சமயத்தில் ஒன்றுதான் ஓடும்படி பூட்டிவைக்கும்.